குறைந்தபட்சக் கூலியை ஏற்றினால் அந்தப் பணம் யார் பையிலிருந்து வருகிறது?

பட்டறைக்காரன் எழுதியது:

வணக்கம். நான் ஒரு சின்ன பேக்கிங் யூனிட் வெச்சிருக்கேன். ஆள் 14 பேர். குறைந்தபட்சக் கூலி நல்லா ஏறப்போகுதுன்னு பேச்சு அடிபடுது. விவாதங்கள்ல ஒருத்தர் "ஏத்தினா வேலை போயிடும்"ங்கிறார், இன்னொருத்தர் "ஏத்தினா வியாபாரம் பெருகும்"ங்கிறார். ரெண்டு பேரும் மேசையைத் தட்டித்தான் சொல்றாங்க.

என் கணக்கு இது. 100க்கு வித்தா கச்சாப்பொருளுக்கு 55 போகும், கூலிக்கு 25, வாடகை, கரண்ட், வண்டி எல்லாம் சேர்த்து 13. மிச்சம் 7. கூலி 20 சதவீதம் ஏறினா அந்த 25, 30 ஆயிடும். என் 7, 2 ஆயிடும். அந்த 2லதான் நான் வட்டி கட்டணும், மிஷினுக்கும் எடுத்து வெக்கணும், வீட்டுக்கும் கொண்டுபோகணும்.

அரசியல் வேண்டாம். உண்மையாவே ஏத்தின இடங்கள்ல என்ன நடந்தது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

சந்தைவாதி எழுதியது:

இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை நண்பரே. விலை ஏறினால் வாங்குவது குறையும். உழைப்பும் சந்தையில் விலைபோகிற சரக்குதான். ஒருவருடைய வேலையால் ஒரு மணி நேரத்தில் 80 மதிப்புதான் சேர்கிறது என்றால், 100 கொடு என்று சட்டம் போட்டாலும் அவருக்கு 100 கிடைக்காது. வேலைதான் கிடைக்காமல் போகும். முதலில் அடிபடுபவர்கள் அனுபவம் இல்லாதவர்கள், படிப்பை நடுவில் விட்டவர்கள், வயதானவர்கள். யாருக்காகச் சட்டம் போட்டார்களோ அவர்களேதான்.

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1946-லேயே இதை எழுதிவிட்டார். அதற்கு முன்பே கண்ணெதிரில் ஒரு சம்பவமும் நடந்திருந்தது. 1938-ல் அமெரிக்கா மணிக்கு 25 சென்ட் என்று தேசியக் குறைந்தபட்சக் கூலியைக் கொண்டுவந்தது. அதே தொகை அமெரிக்க ஆளுகையில் இருக்கும் புவேர்ட்டோ ரிக்கோ தீவுக்கும் பொருந்தும் என்றார்கள். அங்கே ஊசிவேலை செய்த பெண்களுக்கு அதில் பாதிகூடக் கிடைத்துக்கொண்டிருக்கவில்லை. தொழில் ஆட்டம் கண்டது. 1940-ல் சட்டத்தைத் திருத்தி, அந்தத் தீவுக்கு மட்டும் தனி விகிதம் வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தார்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

சந்தைவாதி சொல்வது பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயம். தப்பில்லை, ஆனால் அது முதல் அத்தியாயம்தான்.

1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலருக்கு ஏற்றியது. ஒட்டியிருக்கும் பென்சில்வேனியா ஏற்றவில்லை. டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் எல்லையின் இரு பக்கமும் இருந்த 410 துரித உணவகங்களைப் பிடித்து, ஏற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை, ஏற்றிய பின்னால் ஒரு தடவை, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டார்கள். பாடப்புத்தகப்படி நியூ ஜெர்சியில் ஆள் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டால் கொஞ்சம் கூடித்தான் இருந்தது. விலை மட்டும் ஏறியிருந்தது.

கட்டுரை 1994-ல் வந்தது. பொருளாதாரத் துறையில் அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. 2021-ல் கார்டுக்கு நோபல் கிடைத்ததில் இந்த வகை ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. க்ரூகர் 2019-லேயே காலமாகிவிட்டார்.

---

சந்தைவாதி எழுதியது:

பாதிக் கதையைச் சொல்லி நிறுத்திவிட்டீர்களே. அது தொலைபேசியில் கேட்டு எழுதிய கணக்கு. மேனேஜர் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார். நியூமார்க், வாஷர் என்ற ஆய்வாளர்கள் அதே பகுதிகளில் இருந்த உணவகங்களின் சம்பளப் பட்டியலை வாங்கிப் பார்த்தபோது நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததாகத்தான் வந்தது.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

உண்மைதான். அதற்குப் பதிலாக கார்டும் க்ரூகரும் அரசின் சொந்த வேலைவாய்ப்புப் பதிவுகளை எடுத்து 2000-ல் மறுபடி கணக்குப் போட்டார்கள். குறைவு ஏதும் தெரியவில்லை. நீங்கள் முதல் பாதியோடு நிறுத்தினால் நான் மூன்றாம் பாதியைச் சொல்லித்தானே ஆகவேண்டும் :)

---

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

பெரியவங்க பேசிட்டு இருக்கீங்க, நடுவுல வர்றேன். நான் ஒரு கிடங்குல வேலை பார்த்தவன். அங்க கூலி ஏத்தினப்போ ஒருத்தரைக்கூட வேலையை விட்டு அனுப்பல. "எத்தனை பேர் இருக்காங்க"ன்னு நீங்க வந்து கேட்டிருந்தா, முன்னாடி 40, பின்னாடியும் 40னு சூப்பர்வைசர் சிரிச்ச முகமா சொல்லியிருப்பார்.

ஆனா சுவத்துல வெள்ளைப் பலகையில வாராவாரம் ஷிப்ட் எழுதுவாங்க. ஏத்தினதுக்கு அடுத்த மாசம் என் பேருக்கு நேரா ஆறு கட்டத்துல நாலுதான் நிரம்பியிருந்தது. மத்த ரெண்டுலயும் துடைச்ச தடம் தெரியுது. மணிக்கு ரேட் ஏறிச்சு, மாசக் கடைசியில கைக்கு வந்தது முன்னாடி வந்ததைவிடக் கொஞ்சம் கம்மி. நாலு ஷிப்ட்லயும் ஆறு ஷிப்ட் வேலையைக் கேட்டாங்க, அது வேற.

அதனால தலையை எண்ணாதீங்க. மணியை எண்ணுங்க.

---

சந்தைவாதி எழுதியது:

மூன்றாம்ஷிப்ட் சொன்னது சியாட்டிலில் அப்படியே நடந்தது. அந்த அமெரிக்க நகரம் 2016-ல் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 13 டாலருக்குக் கொண்டுபோனது. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வுக் குழு 2017-ல் வெளியிட்ட கணக்குப்படி, குறைந்த கூலி வேலைகளில் மணிநேர வருமானம் சுமார் 3 சதவீதம் ஏறியது, வேலை நேரம் சுமார் 9 சதவீதம் குறைந்தது. ஆளுக்கு மாதம் சராசரியாக 125 டாலர் நஷ்டம்.

---

நீலப்பேனா எழுதியது:

சியாட்டில் ஆய்வை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதே குழுவின் அடுத்த ஆய்வை ஏனோ விட்டுவிடுகிறார்கள். ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களை மட்டும் தொடர்ந்து பார்த்தபோது, நேரம் கொஞ்சம் குறைந்தும் வருமானம் கூடியிருந்தது. அதிலும் அனுபவசாலிகளுக்குத்தான் லாபம் அதிகம். குறைந்தது புதிதாக உள்ளே வருகிறவர்களின் எண்ணிக்கை. தவிர, முதல் ஆய்வில் பல கிளைகள் உள்ள நிறுவனங்கள் சேர்க்கப்படவில்லை. நகரமே அப்போது வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. கூலி தானாகவே ஏறிக் குறைந்த கூலி வேலைகள் மறைந்தால்கூட, கணக்கில் அது "நேரம் குறைந்தது" என்றுதான் தெரியும். மூன்றாம்ஷிப்ட் தம்பியின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. பலகையில் துடைத்த தடம் சராசரியில் தெரியாது.

நியூ ஜெர்சியில் ஏன் வேலை குறையவில்லை என்பதற்கு வருகிறேன், அதை யாரும் இன்னும் தொடவில்லை.

பாடப்புத்தகச் சந்தையில் தொழிலாளி ஒரு காசு குறைந்தாலும் பக்கத்து வாசலுக்குப் போய்விடுவார். நிஜத்தில் அப்படியா? பேருந்து வசதி, பிள்ளையின் பள்ளிக்கூடம், வாங்கிய முன்பணம், வேறு எங்கே ஆள் தேவை என்று தெரியாதது எல்லாம் அவரைக் கட்டிப்போடுகின்றன. அதனால் கூலியை முடிவுசெய்யும் பலம் கொஞ்சம் முதலாளி கைக்கு வந்துவிடுகிறது. பொருளாதார அறிஞர் ஜோன் ராபின்சன் 1933-ல் இதற்கு மோனோப்சொனி என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். வாங்குகிறவர் ஒருவரே என்ற நிலை.

ஒரு கணக்கு போடுவோம். ஒரு முதலாளியிடம் 10 பேர், ஆளுக்கு 100. மொத்தம் 1000. பதினோராவது ஆள் 110 கொடுத்தால்தான் வருவார். புதியவருக்கு 110 கொடுத்துவிட்டுப் பழையவர்களை 100-ல் வைத்திருக்க முடியாது, அடுத்த நாளே முணுமுணுப்பு கிளம்பும். ஆக 11 பேருக்கும் 110, மொத்தம் 1210. அந்த ஒரு ஆள் உண்மையில் 210 செலவு வைக்கிறார். அவரால் 150 வருமானம் வரும் என்றாலும் முதலாளி எடுக்கமாட்டார். ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பிக்கொண்டே இருப்பார்.

இப்போது சட்டம் 110 என்கிறது. பத்துப் பேருக்கு எப்படியும் 1100 கொடுத்தே ஆகவேண்டும். பதினோராவது ஆளுக்கு இப்போது கூடுதல் செலவு வெறும் 110. அவரால் 150 வருகிறது. எடுப்பார். கூலியும் ஏறியது, ஆளும் கூடியது.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. அந்த முதலாளிக்கு 1000-த்துக்குப் பதில் 1210 கொடுக்கும் அளவுக்கு லாபம் இருக்க வேண்டும். பட்டறைக்காரன் ஐயாவின் 7-ல் அது இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

---

சும்மாவந்தேன் எழுதியது:

அப்போ 110 எதுக்கு, 1000னு போட்டுட்டா எல்லாரும் பணக்காரங்க ஆயிடலாமே!

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

கிண்டலாகக் கேட்டாலும் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. தொகையைத் தனியாகப் பார்க்கக் கூடாது. அந்தப் பகுதியில் நடுவில் இருக்கும் தொழிலாளி என்ன வாங்குகிறாரோ, அதில் இது எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மாநில அளவில் நடந்த 138 உயர்வுகளை எடுத்து 2019-ல் ஒரு ஆய்வு வந்தது. நடுக்கூலியில் 59 சதவீதம் வரை போன இடங்களிலும் குறைந்த கூலி வேலைகளின் மொத்த எண்ணிக்கை சொல்லும்படி குறையவில்லை. அதற்கு மேல் போனால் என்ன ஆகும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

திடீரென்று பெரிதாக ஏறினால் என்ன ஆகும் என்று பார்க்க டென்மார்க் போகலாம். அங்கே சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியே கிடையாது. தொழிற்சங்க ஒப்பந்தம்தான். அந்த ஒப்பந்தங்களில் 18 வயது நிரம்பாதவர்களுக்குத் தனி விகிதம். பிறந்தநாள் வந்ததும் கூலி சுமார் 40 சதவீதம் எகிறும். அதே பிறந்தநாளில் வேலையில் இருப்பவர்கள் எண்ணிக்கை 33 சதவீதம் விழுகிறது! நேற்றுவரை வேலை பார்த்த பையன், ஒரு நாளில் திறமை குறைந்துவிடவில்லை. ரேட் மாறியது, அவ்வளவுதான். அவனுடைய இடத்துக்கு 17 வயதுக்காரன் தயாராக இருக்கிறான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

---

சந்தைவாதி எழுதியது:

டென்மார்க்கை நீங்களே கொண்டுவந்ததற்கு நன்றி. என் வேலை மிச்சம்.

---

பட்டறைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பாதி புரிஞ்சது, மீதியை நாளைக்கு இன்னொரு தடவை படிக்கிறேன். ஆனா நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. வேலை போகல, சரி. கூலியும் ஏறிடுச்சு, சரி. அந்தப் பணம் எங்கிருந்துதான் வந்தது? வானத்துல இருந்தா?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

இந்தத் திரியிலேயே நல்ல கேள்வி இதுதான். இதற்கு ஹங்கேரி நல்ல உதாரணம். 2001-ல் ஆரம்பித்து இரண்டே வருடத்தில் குறைந்தபட்சக் கூலியை, விலைவாசியைக் கழித்துப் பார்த்தாலும் சுமார் 60 சதவீதம் ஏற்றினார்கள். நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்தை வைத்தே ஆராய்ந்ததில், கூடுதல் கூலியில் சுமார் 75 சதவீதம் விலை உயர்வாக வாடிக்கையாளர் தலையில் விழுந்தது, மீதி 25 சதவீதம் முதலாளியின் லாபத்திலிருந்து போனது. வேலை இழப்பு இருந்தது, ஆனால் சிறிது.

உங்களுக்கு முக்கியமானது அடுத்த வரி. விலையை ஏற்ற முடிந்த தொழில்களில் ஆள் அவ்வளவாகக் குறையவில்லை. ஏற்ற முடியாதவற்றில், குறிப்பாக வெளிநாட்டுச் சரக்கோடு போட்டி போடும் ஏற்றுமதித் தொழில்களில், ஆள் அதிகம் குறைந்தது. முடிவெட்டுகிறவருக்குப் போட்டி பக்கத்துத் தெருவில் இருக்கிறது, அவருக்கும் அதே கூலி ஏற்றம்தான், இருவரும் சேர்ந்து விலையை ஏற்றுவார்கள். எங்கோ இருக்கும் தொழிற்சாலையோடு போட்டி போடுகிறவரால் அது முடியாது.

உங்கள் 100-ல் கூலி 25. 20 சதவீத ஏற்றத்தை முழுக்க விலையில் போட்டால் 105. உங்கள் போட்டியாளரும் அதே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரா என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

விலையை ஏற்ற முடியாவிட்டால் லாபம்தான் உதைபடும். பிரிட்டன் 1999 ஏப்ரலில் மணிக்கு 3.60 பவுண்டு என்று ஆரம்பித்தபோது, குறைந்த கூலி நிறுவனங்களின் லாபவிகிதம் கண்கூடாகக் குறைந்தது. கூட்டமாக மூடவில்லை, மெலிந்தன.

---

நீலப்பேனா எழுதியது:

ஜெர்மனியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2015 ஜனவரியில் மணிக்கு 8.50 யூரோ என்று குறைந்தபட்சக் கூலி வந்தது. லட்சக்கணக்கில் வேலை போகும் என்று பெரிய பெரிய பேராசிரியர்கள் எழுதினார்கள். போகவில்லை. குறைந்த கூலியில் இருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய, திறன் கூடிய, நல்ல சம்பளம் தரும் நிறுவனங்களுக்கு நகர்ந்தார்கள். மிகச்சிறிய நிறுவனங்களின் எண்ணிக்கை குறைந்தது. பொருளாதாரத்துக்கு மொத்தத்தில் இது நல்லதே என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

---

பட்டறைக்காரன் எழுதியது:

அம்மா, அந்தக் "குறைந்த மிகச்சிறிய நிறுவனம்" நான்தானே?

மொத்தத்துல நல்லதுன்னு எழுதிட்டுப் போறாங்க. ஷட்டரை இழுத்துப் பூட்டுறவன் மொத்தத்துல ஒரு புள்ளி. என் ஆளுங்க பெரிய கம்பெனிக்குப் போய் நல்லா இருந்தா எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லல. ஆனா மிஷின் மேல வாங்கின கடன் என் பேர்ல இருக்கு. அது நகராது.

---

நீலப்பேனா எழுதியது:

ஐயா, மன்னிக்கணும். படிக்கும்போது உறைத்தது. அந்த வரியை நான் எழுதியிருக்க வேண்டிய விதம் அதுவல்ல.

---

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

அண்ணே, உங்க கஷ்டம் புரியுது. ஆனா நீங்களாவது கூலியைக் கொடுத்துட்டுக் கவலைப்படுறீங்க. நான் கிடங்குக்கு முன்னாடி இருந்த இடத்துல ரெஜிஸ்டர் ரெண்டு. ஒண்ணு இன்ஸ்பெக்‌ஷனுக்கு. அதுல சட்டப்படி தொகை இருக்கும், நான் கையெழுத்துப் போடுவேன். கவர்ல வர்றது வேற. கையெழுத்துப் போடும்போது தொகை மேல ஸ்கேலை வெச்சு மறைச்சுக்குவாங்க. நாங்க பார்க்கக் கூடாதாம்! அந்த ஸ்கேல்ல நுனி உடைஞ்சிருந்தது, அதனால கடைசி ரெண்டு இலக்கம் மட்டும் எனக்குத் தெரியும். சட்டம் எவ்வளவு ஏறினாலும் ஸ்கேலுக்கு அடியிலதான் ஏறும்.

அதனால எவ்வளவு ஏத்தணும்னு சண்டை போடுறதுக்கு முன்னாடி, இருக்கிறதைக் கொடுக்க வெக்கிறது யாருன்னு பேசுங்க.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

தம்பி சொன்னதோடு ஒன்று. பிரேசிலில் இதற்கு நேர்மாறான ஒரு விநோதம் உண்டு. பதிவில்லாத வேலைகளில் சட்டம் செல்லாது, ஆனாலும் குறைந்தபட்சக் கூலி ஏறும்போது அங்கேயும் பலருக்குக் கூலி ஏறுகிறது. "நியாயமான தொகை இது" என்று எல்லாரும் பார்க்கும் அடையாளமாக அது ஆகிவிட்டது. கலங்கரை விளக்கம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 1996 முதல் 2018 வரை அங்கே உண்மை மதிப்பில் குறைந்தபட்சக் கூலி இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. சம்பள ஏற்றத்தாழ்வு குறைந்ததில் ஏறக்குறைய பாதி அதனால்தான் என்று ஒரு ஆய்வு கணக்கிடுகிறது.

ஆனால் விதியில் ஒரு ஓட்டை இருந்தால் ஆள் அதைத் தேடிப் போவார் என்பதும் நிஜம். தென்கொரியா 2018-ல் 16.4 சதவீதம், அடுத்த வருடம் 10.9 சதவீதம் என்று அடுத்தடுத்து ஏற்றியது. வாரம் 15 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்தால் வார விடுமுறை நாளுக்கும் கூலி தரவேண்டும் என்று அங்கே சட்டம். என்ன செய்தார்கள்? ஒரு வேலையை இரண்டாக வெட்டி ஆளுக்கு 14 மணி நேரம் கொடுத்தார்கள். உங்கள் வெள்ளைப் பலகையேதான்.

---

சந்தைவாதி எழுதியது:

இதற்குத்தான் சொல்கிறேன், ஏழைக்கு உதவ வேண்டும் என்றால் அரசு தன் கஜானாவிலிருந்து கொடுக்கட்டும். அமெரிக்காவில் 1975 முதல் குறைந்த வருமானத்தில் உழைப்பவருக்கு வரி வழியாகப் பணம் திருப்பித் தரும் திட்டம் இருக்கிறது. செலவு எல்லார் மேலும் பரவும். பட்டறைக்காரரின் 7 மீது மட்டும் ஏன் ஏற்றவேண்டும்? 2019-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகமே, குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலர் ஆக்கும் யோசனைக்குக் கணக்குப் போட்டது. 1 கோடியே 70 லட்சம் பேருக்குக் கூலி ஏறும், 13 லட்சம் பேர் வறுமையிலிருந்து மீள்வார்கள், 13 லட்சம் பேர் வேலை இழப்பார்கள்.

---

நீலப்பேனா எழுதியது:

அதே அறிக்கை, வேலை இழப்பு கிட்டத்தட்ட பூஜ்யமாகவும் இருக்கலாம், 37 லட்சமாகவும் இருக்கலாம் என்கிறது. 13 லட்சம் என்பது நடுவில் குத்திய முளை. உங்கள் கஜானா யோசனை எனக்கும் பிடிக்கும், ஒரு திருத்தத்தோடு. அரசு பணம் தருகிறது என்று தெரிந்தால் "அதான் அங்கே வருதே" என்று கூலியைக் கீழே இழுப்பவர்களும் உண்டு. கீழே ஒரு தரை இல்லாவிட்டால் மானியத்தில் ஒரு பங்கு முதலாளி பைக்குப் போய்ச் சேரும். பிரான்சில் இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள். குறைந்தபட்சக் கூலி விலைவாசியோடு தானாக ஏறும், அந்தக் கூலியில் ஆள் வைத்திருப்பவருக்குச் சமூகப் பாதுகாப்புக் கட்டணத்தில் அரசு தள்ளுபடி தரும். அதன் பக்கவிளைவு: கூலியைக் கொஞ்சம் ஏற்றினால் தள்ளுபடி குறைகிறது, அதனால் ஏற்றவே யோசிக்கிறார்கள். ஆட்கள் அந்த அடித்தட்டிலேயே தங்கிவிடுகிறார்கள்.

---

மட்டுறுத்துநர் எழுதியது:

கட்சி பெயர் சொல்லி வந்த நான்கு பதிவுகள் நீக்கப்பட்டன. திரி நன்றாகப் போகிறது, கெடுக்க வேண்டாம்.

---

பட்டறைக்காரன் எழுதியது:

ஞாயித்துக்கிழமை உக்கார்ந்து பழைய மஸ்டரை, அதான் ஆள் வருகைப் பதிவேட்டை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். நீலப்பேனா அம்மா "கட்டிப்போடுது"ன்னு எழுதினதைப் படிச்சதுல இருந்தே ஒரு உறுத்தல். போன வருஷம் 14 இடத்துக்கு என்கிட்ட வந்துபோனவங்க 31 பேர். சிலர் ரெண்டு வாரம்கூட நிக்கல. புது ஆள் வந்தா மூணு வாரத்துக்கு சீல் கோணலா விழும், சரக்கு வாங்குற பார்ட்டி பெட்டியைத் திருப்பி அனுப்புவாங்க, பழைய ஆள் ஒருத்தர் பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுக்கணும். இதுக்கு என் கணக்குப் புத்தகத்துல தனிப் பத்தியே கிடையாது. "இதர செலவு"ல கிடக்கு. தோராயமா எண்ணினா 100க்கு ஒன்றரை வரைக்கும் வருது. கூலி ஏறி ஆள் நின்னா அதுல பாதி மிஞ்சலாம்.

5ல முக்கால் ஆச்சு. மீதி 4 கால். பார்ட்டிங்ககிட்ட ரேட் 3 ஏத்திக் கேட்கப்போறேன். மிச்சம் என் 7ல இருந்து.

---

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

அண்ணே, மணி நேரத்தைக் குறைப்பீங்களா?

---

பட்டறைக்காரன் எழுதியது:

இல்ல தம்பி. எட்டு எட்டாவே இருக்கும். ஆனா புதுசா ஒரு ஆள் எடுக்கலாம்னு இருந்தேன், அதைத் தள்ளி வெச்சிருக்கேன்.

---

சந்தைவாதி எழுதியது:

அந்தப் பதினைந்தாவது ஆளைப் பற்றித்தான் நான் முதல் பதிவிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறேன்.

---

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

31 பேர் வந்துபோன இடத்துல, 14 பேரும் நின்னுட்டா அந்த ஆள் தேவைப்படுவாரா சார்?

---

பட்டறைக்காரன் எழுதியது:

ரெண்டு பேரும் சொல்றது சரியாத்தான் படுது. ஆறு மாசம் கழிச்சு மஸ்டரைப் பார்த்துட்டு இங்கயே எழுதுறேன். ரேட் ஏத்திக் கேட்ட ரெண்டு பார்ட்டில ஒருத்தர் சரின்னுட்டார். இன்னொருத்தர் காலைல இருந்து போனை எடுக்கல.